பயனாளிப் பட்டியலை யார் எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், இலங்கையின் வடக்கு கிழக்கில் போர் முடிந்த ஊர்களுக்கு உதவி செய்வது பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். "உதவி கொண்டு போகிறவர்கள் முதலில் அந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் ஒருக்கா பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்பதுதான் அதன் சாரம். அதற்கு வந்த கடிதங்கள் மேசை நிறைய இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் பிள்ளைகளின் படிப்பு, மாமியார் வீடு, முழங்கால் நோ எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதற்கே இடம். புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னை 'அக்கா' என்று எழுதியவர்களின் கேள்விகள் கீழே. 'அன்ரி' என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும்.

அக்கா, கனடாவில் எங்கள் ஊர் ஒன்றியம் ஒரு தொகை சேர்த்திருக்கிறது. கஷ்டப்படுகிற இருபது குடும்பங்களின் வங்கிக் கணக்கில் நேரே போட்டுவிடுவோம், நடுவில் ஒருவரும் வேண்டாம் என்கிறார்கள் பாதிப்பேர். ஊரில் உள்ள சங்கத்திடம் கொடுப்போம் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி?
– வாசகர், டொரோண்டோ

நேரே போடுவதில் பிழையில்லை தம்பி. ஆனால் அந்த இருபது குடும்பங்களின் பெயரை உங்களுக்கு யார் தந்தது? நான் பார்த்த அளவில் அநேகமாக ஒரே ஒரு ஆள்தான். ஒன்றியத் தலைவரின் மைத்துனராக இருப்பார், அல்லது வாட்ஸ்அப்பில் நன்றாகப் படம் எடுத்து அனுப்பத் தெரிந்தவராக இருப்பார். நடுவில் ஒருவரும் இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நடுவில் அவர் இருக்கிறார், அவரிடம் கணக்குக் கேட்க ஊரில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

பட்டியல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் பெரும்பகுதி வடக்கு கிழக்குக்கு வந்தது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு இலங்கைக் காசில் 5,50,000 ரூபா. அதைத் தவணை தவணையாக வீட்டுக்காரரின் கணக்கிலேயே போட்டார்கள். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது என்று போகும். அவரவர் வீட்டை அவரவரே கட்டுகிற முறை. போருக்குப் பின் வந்த திட்டங்களில் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று.

ஆனால் அந்தக் காலத்து வீட்டுத் தெரிவுகளில் புள்ளி போடுகிற வழக்கம் இருந்தது. குடும்பத்தில் ஆட்கள் கூடினால் புள்ளியும் கூடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டத்தில் பட்டியலை வாசித்தபோது, பின்னால் இருந்த ஒரு பெண் எழும்பி, "இந்த அம்மா ஐந்து பேர் இருந்த வீட்டுக்காரி. நாலு பேர் செத்ததால் இவவுக்குப் புள்ளி குறைந்துவிட்டதா?" என்று கேட்டாள். அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த எவருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. அந்தப் பெயர் மறுபடி பரிசீலனைக்குப் போனது. எல்லா ஊரிலும் இப்படிப் போகவில்லை. கேட்க ஒரு கூட்டமும் எழும்பிக் கேட்க ஒரு பெண்ணும் இருந்த இடத்தில் போனது.

அதனால்தான் சங்கம் என்கிறேன். அதற்காக 'சங்கம்' என்று பலகை மாட்டிய எல்லோரிடமும் காசைக் கொடுக்காதீர்கள். எங்கள் ஊர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், மரண உதவிச் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், கோயில் நிர்வாகம் என்று ஒரு நீளமான வரிசை இருக்கிறது. இவற்றில் பல போருக்கு முன்னாலேயே இருந்தவை. சில சங்கங்கள் முகாமுக்குள்ளும் கூடின. போர் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே, யார் எந்த வலயத்தில் இருக்கிறார்கள், யாருடைய பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் என்று ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்திருந்த சங்கச் செயலாளர்களை எனக்குத் தெரியும். அந்தக் கொப்பியில் இருந்த விவரம் எங்கள் நிறுவனத்தின் அழகான படிவங்களில் இல்லை.

சங்கங்களுக்குள் சாதி இல்லையா? இருக்கிறது. கோயில் நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள், குடியேற்றத் திட்டக் காணிக்காரரில் யார் ஒருபோதும் தலைவராக வந்ததில்லை என்று பார்த்தால் தெரிந்துவிடும். மலையகத் தோட்டங்களில் இருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல சங்கங்களில் அங்கத்தவர்களாக இருப்பார்கள், பொருளாளராக இருக்க மாட்டார்கள். 'உள்ளூர்' என்றாலே புனிதம் என்று நினைக்கிறவர்கள் ஊரில் வாழ்ந்ததில்லை.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: கடைசி ஒரு வருடக் கூட்டக் குறிப்புப் புத்தகம், காசுப் புத்தகம், வங்கிப் புத்தகம். குறிப்புப் புத்தகத்தில் வருகைக் கையெழுத்துகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்டது போல இருந்தால் காசைக் கையில் வைத்திருங்கள். ஆட்கள் சண்டை பிடித்தது எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. பிறகு முழுத்தொகையையும் ஒரே தரத்தில் அனுப்பாதீர்கள். சிறு சங்கத்தின் கணக்கில் திடீரென்று பெருந்தொகை விழுந்தால் அடுத்த நிர்வாகத் தெரிவில் அடிபிடி நடக்கும். நல்ல சங்கங்கள் உடைந்ததை நான் பார்த்தது இப்படித்தான்.

இன்னொன்று, என்னை யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன்: கடன். உதவி நிறுவனங்கள் மூட்டை கட்டிய பிறகு ஊருக்குள் வந்தவை நுண்கடன், அதாவது சிறுதொகைக் கடன், கொடுக்கிற கம்பனிகள். வீட்டுத் திட்டத்தில் சீமெந்து விலை ஏறி, அரைகுறைச் சுவரோடு நின்ற குடும்பங்கள் தோட்டை அடகு வைத்தன, அப்புறம் கடன் எடுத்தன. கிழமைக்கு ஒருமுறை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. உங்கள் தொகையில் ஒரு பகுதியைச் சிக்கன கடனுதவிச் சங்கத்தின் சுழற்சி நிதியாக (ஒருவர் திருப்பிக் கட்டியதை அடுத்தவருக்குக் கடனாகக் கொடுப்பது) கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பெயர்ப் பலகை வைக்க முடியாது, திறப்பு விழா வைக்க முடியாது. ஒன்றியத்தில் ஆட்கள் முகம் சுளிப்பார்கள்.

என்.ஜி.ஓ. என்றாலே காசடிக்கிற கூட்டம்தானே அக்கா?
– வாசகர், வவுனியா

சிலர் அடித்தார்கள். கூடப் பேர் வாகனத்துக்கும் வாடகைக்கும் பயிற்சிப் பட்டறைச் சாப்பாட்டுக்கும் முறைப்படி பற்றுச்சீட்டு வைத்துச் செலவழித்தார்கள். என் கவலை இரண்டாவது கூட்டம். முதலாவதைப் பொலிசில் கொடுக்கலாம்.

போர் முடிந்த பிறகு வன்னியில் வேலை செய்த அமைப்புகள் எல்லாம் கோழிக்குஞ்சும் தையல் மெசினும் கொடுத்துக்கொண்டிருந்தன. சமாதானம், நீதி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே, ஏன்?
– மாணவி, பேராதனை

வாய் திறந்தால் அனுமதி போய்விடும் என்பதால். 2009 மே மாதம் போர் முடிந்த கையோடு வடக்கு அபிவிருத்திக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி போட்டார்கள், அப்போதைய ஜனாதிபதியின் தம்பி பசில் ராஜபக்ச தலைமையில். வடக்கில் எந்த அமைப்பு எந்தத் திட்டம் செய்வதானாலும் அதன் ஒப்புதல் வேண்டியிருந்தது. அரசு சாரா அமைப்புகளைப் பதிவு செய்கிற செயலகம் 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. வீதி, கிணறு, மலசலகூடம், கோழி என்றால் அனுமதிக் கடிதம் கிடைத்தது. உளவளத்துணை, சட்ட உதவி, காணாமல் போனவர்களின் விவரம் என்றால் கிடைக்கவில்லை. 2014 ஜூலையில் இன்னும் ஒருபடி மேலே போய், அரசு சாரா அமைப்புகள் ஊடகச் சந்திப்பு நடத்தக் கூடாது, ஊடகவியலாளருக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது, அறிக்கை விடக் கூடாது என்று சுற்றறிக்கையே வந்தது.

ஆகவே மகளே, அந்தத் தையல் மெசினை அவ்வளவு லேசாக நினைக்காதே. பதினைந்து பெண்கள் கிழமைக்கு மூன்று நாள் ஒரு கொட்டிலுக்குள் கூட வேண்டுமானால் ஒரு காரணம் வேண்டும். ஊருக்குள் புதிதாக யார் வந்தாலும், எங்கே நாலு பேர் கூடினாலும் சிவில் உடுப்பில் ஒரு புலனாய்வுக்காரர் வந்து பெயர் எழுதுகிற காலம். தையல் வகுப்பு என்றால் எழுதிவிட்டுப் போய்விடுவார். உள்ளே சட்டை வெட்டிய நேரத்தைவிட அழுத நேரம் கூட. யாருடைய மகனைக் கடைசியாக எங்கே கண்டது, எந்த அலுவலகத்தில் எந்தத் திகதியில் முறைப்பாடு கொடுத்தது, மரண அத்தாட்சிப் பத்திரம் வாங்கச் சொன்னால் என்ன பதில் சொல்வது எல்லாம் அங்கேதான் பேசப்பட்டது. திட்ட அறிக்கையில் 'பயிற்சி முடித்த பெண்கள்' என்று ஒரு எண் மட்டும் போகும்.

ஆனால் நீ கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில, அனுமதி போய்விடும் என்று பயந்து பயந்து, பிறகு பயம் தேவையில்லாத காலத்திலும் கோழியோடேயே நின்றுவிட்டன.

கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறேன். உள்ளூர் மக்களே சண்டையை நிறுத்தியதாக உலகில் எங்காவது உண்டா? அல்லது எல்லாம் கருத்தரங்கில் சொல்கிற கதையா?
– வாசகர், கோயம்புத்தூர்

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கென்யாவின் வடகிழக்கில் உள்ள வஜிர். சோமாலி இன மக்கள் வாழ்கிற வறண்ட பூமி, ஆடு மாடு ஒட்டகம்தான் சொத்து. 1990களின் தொடக்கத்தில் வறட்சியும், பக்கத்தில் சோமாலியா உடைந்ததால் கொட்டிக் கிடந்த துப்பாக்கிகளும் சேர்ந்து, டெகோடியா, அஜுரான், ஒகாடென் குலங்களுக்கிடையில் கொலைகள் தொடர்ந்தன. 1993இல் ஒரு கல்யாண வீட்டில் சில பெண்கள் இதைப் பேசிக்கொண்டார்கள். நாம் நாளைக்கு இப்படி ஒரே பந்தலில் உட்கார முடியுமா என்று. அவர்களில் ஒருவர் டெக்கா இப்ராஹிம் அப்தி என்ற இளம் ஆசிரியை. 

அவர்கள் முதலில் போனது சந்தைக்கு. ஒரு குலத்துப் பெண் மற்றக் குலத்துப் பெண்ணிடம் பால் வாங்க மாட்டாள், விற்க விடவும் மாட்டாள் என்ற நிலைமை. யாரும் யாரிடமும் வாங்கலாம் விற்கலாம் என்று பேசி முடித்து, அதைக் கண்காணிக்கப் பெண்களையே நிறுத்தினார்கள். நிதி கொடுக்க ஆளும் இல்லை, திட்டவரைவும் இல்லை. சந்தை அமைதியான பிறகுதான் குலப் பெரியவர்களிடம் போனார்கள். அங்கே இன்னொரு சாமர்த்தியம்: சண்டை பிடிக்கிற பெரிய குலங்களில் இருந்து தலைமைக்கு ஆள் எடுக்காமல், யாருக்கும் ஆபத்தில்லாத மிகச் சிறிய குலத்துப் பெரியவரை முன்னுக்கு விட்டார்கள். அதே வருடம் அல் ஃபத்தா பிரகடனம் என்று பெரியவர்கள் கையெழுத்திட்டார்கள். பிறகு இளைஞர், மதத் தலைவர், அதிகாரிகள் எல்லோரையும் சேர்த்து ஒரு குழு உண்டாகி, 1995இல் அது மாவட்ட நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டது. எங்காவது மாடு களவு போனது, ஒருவர் கொல்லப்பட்டார் என்றால் பெரியவர், பெண்கள், மௌலவி, பாதுகாப்பு அதிகாரி எல்லோரும் ஒரே வாகனத்தில் ஏறிப் போவார்கள், பழிவாங்கல் தொடங்குவதற்கு முன்னால். கென்யாவின் மற்ற மாவட்டங்கள் இதைப் பார்த்துத்தான் சமாதானக் குழுக்கள் அமைத்தன. டெக்காவுக்கு 2007இல் 'ரைட் லைவ்லிஹூட்' விருது கிடைத்தது. 2011இல் வாகன விபத்தில் காலமானார்.

லைபீரியாவை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2003இல் மொன்ரோவியா மீன் சந்தைப் பக்கத்து மைதானத்தில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தி வெயிலில் உட்கார்ந்தார்கள், லேமா போவீ தலைமையில். அக்ராவில் பேச்சுவார்த்தை இழுபட்டபோது மண்டப வாசலை மறித்து ஆண்களை வெளியே விடாமல் இருந்தார்கள். ஓகஸ்ட் மாதம் ஒப்பந்தம் வந்தது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. டிசம்பரில் ஐ.நா. படை ஆயுதக் களைவைத் தொடங்கியது. அவசரப்படாதீர்கள், முதலில் ஊர் ஊராக விளக்குங்கள் என்று இந்தப் பெண்கள் சொன்னது எடுபடவில்லை. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் துப்பாக்கியோடு வந்து குவிந்து, கலவரமாகி, வேலையை நிறுத்திவிட்டு 2004 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. அதற்கிடையில் முகாம் முகாமாகப் போய்ப் பொடியன்களோடு கதைத்தவர்கள் அதே பெண்கள்தான். முடிவில் ஆயுதம் கையளித்தவர்களாகப் பதிவானவர்கள் 1,00,000க்கும் மேல்.

நான் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மூன்று மாதத்துக்குள் ஆறு கிராமங்களில் 'நல்லிணக்கக் குழு' அமைக்கச் சொல்கிறார்கள். ஒரு கிராமத்தில் ஏற்கெனவே எட்டுக் குழுக்கள்! எல்லாவற்றிலும் அதே பத்துப் பெண்கள். என்ன செய்வது அக்கா?
– களப் பணியாளர், முல்லைத்தீவு

ஒன்பதாவதை அமைக்காதே. அந்தப் பத்துப் பெண்களுக்கும் வீட்டில் அடுப்பு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது.

இந்த வியாதி பழையது. 2004 சுனாமிக்குப் பின் அம்பாறை, மட்டக்களப்புக் கரைகளில் நிறுவனத்துக்கு ஒரு குழு என்று அமைத்தார்கள். முதல் நாளில் ஆட்களைத் தூக்கியெடுத்துச் சோறு போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள். தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் செய்தார்கள். ஒரு கிழமைக்குள் வெள்ளை வாகனங்கள் வந்து அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டன. சர்வதேச அமைப்புகள் கூடி நடத்திய மதிப்பீடே உள்ளூர் ஆற்றலை ஒதுக்கினோம் என்று 2006இல் எழுதியது. பிறகு 2016இல் இஸ்தான்புலில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகக் கொடுப்போம் என்று பெரிய கொடையாளர்கள் கையெழுத்து வைத்தார்கள். 2020 வந்து போனது. நேரடியாகப் போனது சில சதவீதத்தைத் தாண்டவில்லை.

சரி, உன் வேலைக்கு வருவோம். மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேள். உன் படிவத்தில் 'குழு' என்ற இடத்தில் மாதர் சங்கத்தின் உபகுழு என்று எழுது, பெரும்பாலான கொடையாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். நல்லிணக்கத்தைப் பற்றி விரிவுரை வைக்காமல், அந்த ஊரில் இப்போது எது பிரச்சினை என்று கேள். குளத்து நீர்ப் பங்கீடாக இருக்கும், காட்டெல்லைக் கல்லாக இருக்கும், தெற்கில் இருந்து பருவத்துக்கு வந்து வாடி (கரையில் தற்காலிகக் கொட்டில்) அடிக்கிற மீனவரோடு தகராறாக இருக்கும். மறுதரப்பு மீனவர் சங்கத்தோடு ஊர் ஆட்களை உட்கார வைக்க உன் நிறுவனத்தின் வாகனமும் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உதவுமானால், அதைவிட வேறு நல்லிணக்கம் தேவையில்லை.

நான் புத்தளத்தில் பிறந்தவன். உம்மா வாப்பா யாழ்ப்பாணம். உங்கள் 'உள்ளூர்ச் சமூகத்தில்' நாங்கள் இருக்கிறோமா?
– வாசகர், புத்தளம்

இந்தக் கேள்விக்கு மழுப்பிப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். உங்கள் பெற்றோர் எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்று நீங்கள் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். 2009க்குப் பிறகு உதவி அமைப்புகளின் படிவங்களில் இடம்பெயர்ந்தோர் 'பழையவர்', 'புதியவர்' என்று பிரிந்தார்கள். முகாமில் இருந்து வந்த புதியவருக்கு முன்னுரிமை. உங்கள் ஆட்கள் இருபது வருடக் கணக்கில் பழையவர்கள். ஆள் இல்லாமல் வளர்ந்த காடு வனத் திணைக்களத்துக்குச் சொந்தமாகிவிட்டது என்று மன்னார் முசலிப் பக்கத்தில் வேறு சிக்கல்.

எங்கள் தமிழ்ச் சங்கங்கள் என்ன செய்தன? அநேகமாகப் பேசாமல் இருந்தன. காணி குறைவு, வீடு குறைவு, இன்னொரு பகுதி ஆட்கள் பட்டியலில் வந்தால் எங்களுக்குக் குறையும் என்ற கணக்கு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சில பெண்கள் அமைப்புகள் விதிவிலக்கு. இரு பகுதிப் பெண்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்தார்கள், இரு பகுதியாரிடமும் திட்டு வாங்கினார்கள். வெளியேற்றம் பற்றி ஒரு குடிமக்கள் ஆணைக்குழு அமைத்துச் சாட்சியம் எடுத்து 2011இல் அறிக்கை வெளியிட்டதும் சிவில் சமூகம்தான், அரசு அல்ல. நீங்கள் இருக்கிறீர்களா என்றால், இருக்க வேண்டியவர். சங்கத்தின் வருகைப் புத்தகத்தில் உங்கள் பெயர் இன்னும் ஏறவில்லை.

கிளிநொச்சி வீதியோரத்தில் இருக்கிற தாய்மார் சிவில் சமூகம் இல்லையா? அவர்களுக்கு ஏன் எந்தத் திட்டமும் இல்லை?
– வாசகி, பரந்தன்

அவர்கள்தான் சிவில் சமூகம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்னால் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி நாடு முழுக்க மக்களிடம் கருத்துக் கேட்ட செயலணி தன் அறிக்கையைக் கொடுத்திருந்தது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் சிவில் சமூகத்து ஆட்கள் நடத்திய வேலை. மாவட்டந்தோறும் உள்ளூர் ஆட்களே உட்கார்ந்து கேட்டார்கள். வந்தவை 7,000க்கும் மேற்பட்ட முன்வைப்புகள். இந்தத் தாய்மாரில் பலர் அங்கும் போய்ச் சொன்னவர்கள். கேட்ட அரசாங்கம் அறிக்கையைக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் வீதிக்கு வந்தது அதனால்தான், பொறுமை இல்லாததால் அல்ல.

திட்டம் ஏன் இல்லை என்றால், திட்டத்துக்கு முடிவுத் திகதி வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: அவர்களில் பலர் நிறுவனக் காசை வேண்டாம் என்றார்கள். வாங்கினால் 'யாரோ காசு கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்' என்ற பேச்சு வரும். தண்ணீர்ப் போத்தல், பஸ் காசு, மருந்து எல்லாம் அக்கம்பக்கத்துக் கடைகளும் ஊர் ஆட்களும் கொடுத்தவை. இரணைதீவு ஆட்களும் அப்படித்தான். 1992இல் தீவை விட்டு வந்தவர்கள், திரும்பிப் போக விடும்படி ஒரு வருடம் கரையில் இருந்து கேட்டுப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களே ஏறிப் போய் இறங்கினார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்களும் பங்குத் தந்தையும். எந்த நிறுவனத்தின் வருடாந்தத் திட்டத்திலும் அந்தப் பயணம் இல்லை. போய் இறங்கிய பிறகு கிணறு துப்பரவாக்கவும் கூரை போடவும் உதவி தேவைப்பட்டது. நிறுவனங்களுக்கு வேலை அங்கே இருந்தது.

எங்கள் மாதர் சங்கத்துக்குக் கணக்கு எழுதப் பழக வேண்டும். பயிற்சி எங்கே எடுப்பது?
– செயலாளர், ஒரு மாதர் சங்கம்

பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள், உங்கள் சங்கம் பதிவாகியிருப்பது அவருடைய திணைக்களத்தில்தான். கூட்டுறவுச் சங்கமானால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். இரண்டும் கட்டணம் இல்லாமல் சொல்லித்தர வேண்டியவை. கடிதம் எழுதிக் கேளுங்கள், பிரதியைக் கோப்பில் வையுங்கள். பொருளாளரை மட்டும் அனுப்பாதீர்கள். அடுத்த வருடம் பொருளாளராக வரக்கூடிய ஒரு பெண்ணையும் கூட அனுப்புங்கள்.